காமன் கூத்து ஏழு நிமிட ‘அயிட்டம்’ இல்லை

போன வருசம் ஒரு கலாசார விழாவுக்கு டயகமவிலிருந்து ஒரு காமன் கூத்துக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் வேனில் தொத்திக்கொண்டு போனேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். இந்த மாதிரி விழாக்கள் எல்லாமே ஒரே அச்சில்தான் நடக்கின்றன.

விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பி, மத்தியானம் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மங்கள விளக்கு, வரவேற்பு நடனம், பிரதம அதிதி, சிறப்பு அதிதி, விசேட அதிதி, அவங்களுக்குப் பொன்னாடை, அவங்க பேச்சு. எங்கள் ஆட்கள் முகத்தில் அரிதாரத்தோடு பின்வாசலில் நின்றபடியே இருந்தார்கள். சாயந்தரம் ஐந்தரைக்கு முறை வந்தது. “அழிந்துவரும் நமது பாரம்பரியக் கலை” என்று அறிவிப்பாளர் தொண்டை கரகரக்க அறிமுகம் செய்தார். கொடுத்த நேரம் ஏழு நிமிசம். மண்டபத்துக்குள் நெருப்பு கூடாதாம், அதனால் “எரிப்பு வேணாம், கல்யாணத்தோட முடிச்சிருங்க” என்றார்கள்.

ரதி வேசம் கட்டியிருந்த மாமா என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “தம்பி, காமன எரிக்கலன்னா ரதி எதுக்குடா அழுவா?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பதினாலு இரவு நடக்க வேண்டிய ஒன்று ஏழு நிமிசமாகச் சுருங்கியதற்கு யார் காரணம் என்று அதற்குப் பிறகு யோசித்துக்கொண்டே இருக்கிறேன். “இளைஞர்களுக்கு ஆர்வமில்லை, போன் வந்துருச்சு, நாடகத் தொடர் வந்துருச்சு” என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்களே, அது பொய். அந்தப் பொய்யை உடைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், காமன் கூத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். மாசி மாதம் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் பொட்டலில் காமன் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை ராத்திரி ராத்திரி தப்பும் பாட்டும். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கிற சிவனை எழுப்ப மன்மதனை அனுப்புகிறார்கள், அவன் அம்பு விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான். ரதி மன்றாடி உயிர்ப்பிச்சை வாங்குகிறாள். கதையில் பெரிய புதுமை ஒன்றும் இல்லை. புதுமை அது நடக்கிற விதத்தில் இருக்கிறது. மேடை கிடையாது. லயம், ரோட்டு, கோயில் வாசல், பொட்டல் எல்லாம் சேர்ந்து தோட்டமே களம். ரதியும் மன்மதனும் லயம் லயமாக வருவார்கள். தூதன் வருவான், குறவன் குறத்தி வருவார்கள், வீரபத்திரன் வரும்போது சின்னப்பிள்ளைகள் இஸ்தோப்பில் இருந்து காம்பராவுக்குள் ஓடும். வேசம் கட்டுகிறவர் விரதம் இருப்பார். பல பேருக்கு அது நேர்த்திக்கடன். பிள்ளைக்கு நோய் தீர்ந்தால் மன்மதன் கட்டுறேன் என்று வேண்டிக்கொண்டு கட்டுவார்கள்.

பௌர்ணமி ராத்திரி காமன் எரிகிறபோது ரதி அழுவாள். அந்த நேரம் பாருங்கள். வேசம் கட்டிய ஆம்பளை அழ, சுத்தி நிற்கிற பொம்பளைகள் எல்லாம் அழுவார்கள். என் அப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். அது மன்மதனுக்கான அழுகை மட்டும் என்று நான் நம்பவில்லை. தாத்தா செத்தபோது மூன்றாம் நாளே மலைக்குப் போனவள் அவள். அழுவதற்கு அவளுக்கு ஊர் கொடுத்த ராத்திரி அது ஒன்றுதான்.

எரிப்பை வெட்டிவிட்டுக் கல்யாணத்தை மட்டும் காட்டு என்றால் எதை வெட்டச் சொல்கிறார்கள் என்று இப்போது விளங்கும்.

சரி, யார் சுருக்கினது? முதலாவது, நிலம்.

கூத்துக்குப் பொட்டல் வேண்டும். தோட்டத்தில் பொட்டல் யாருடையது? வெள்ளைக்காரத் துரை காலத்தில் கம்பனியுடையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகள் கைக்கு வந்தது. இத்தனை கைமாற்றத்திலும் எங்கள் பேரில் ஒரு காமன் பொட்டல் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. கோப்பிக்காலத்திலிருந்து அங்கே கூத்து நடந்தாலும், பேப்பரில் அது வெறும் ‘வெற்றுநிலம்’. கொழுந்து லொறி திரும்ப இடம் வேணும்னா அது போகும். தண்ணீர்த் தாங்கி கட்டணும்னா அது போகும். வீட்டுத்திட்டம் வந்தாலும் அதுதான் முதலில் போகும். வீடு வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தவர்களிடம் போய் “வீடா, கூத்தா?” என்று கேட்பது அயோக்கியத்தனம். ஆயிரக்கணக்கான ஏக்கர் இருக்கிற இடத்தில், வீட்டுக்கும் கூத்துக்கும் ஒரே துண்டு நிலத்தைக் காட்டி எங்களையே எங்களோடு மோதவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டங்களுக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க முடியாமல் இருந்தது. ஓட்டு மட்டும் வாங்கலாம், ரோட்டுப் போடக் கூடாது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதாவது அதுவரை, சட்டத்தின் கண்ணில் தோட்டம் என்பது மனுசர் வாழ்கிற ஊரே இல்லை, ஒரு வேலைத்தளம். வேலைத்தளத்துக்கு எதற்குக் கூத்துப் பொட்டல்?

இரண்டாவது, நேரம். ராத்திரி முழுக்க ஆடிவிட்டு விடிந்தால் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். கிலோ குறைந்தால் பேர் விழாது, அரைப்பேர்தான். நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரைக்கும் இழுத்தடித்தார்கள். அப்படி ஒரு சம்பளத்தில் பதினாலு ராத்திரி கண் முழிக்க யாரால் முடியும்? பொடியன்கள் கொழும்புக் கடைகளிலும் கட்டிட வேலையிலும் இருக்கிறார்கள். தீபாவளிக்கு லீவு கிடைக்கும், மாசிக்குக் கிடைக்காது. முதலாளியிடம் போய் “காமன் ஊன்றணும், ரெண்டு கிழமை லீவு தாங்க” என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு எங்களைப் பார்த்து ஆர்வமில்லை என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, ஆட்கள். கூத்து ஒருத்தர் கலை இல்லை. வாத்தியார் வேண்டும், பின்பாட்டு வேண்டும், தப்பு, உறுமி வேண்டும், வேசக்காரர்கள் வேண்டும். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இந்த எண்களைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஒரு கூத்துக் குழுவுக்கு அது என்ன செய்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை. மன்மதன் கட்டுறவர் கூடலூருக்கு, ரதி கட்டுறவர் இங்கே. வாத்தியாரோடு அவருடைய கூத்துக் கொப்பியும் கோத்தகிரிக்கு. ஜனங்கள் ஏறிப்போன அந்தக் கோச்சிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பேர் வந்தது சும்மாவா?

நிலமும் நேரமும் ஆட்களும் போன பிறகு, மிச்சத்தைக் கட்டிக் காப்பாற்றியவர்கள் படிக்காத, கைக்காசு போட்ட, கூலி வேலை செய்த மனுசர்கள். அவர்களுக்கு ஏழு நிமிசம் கொடுத்துவிட்டு நாம் கலை வளர்த்தோம் என்கிறோம்.

இதுவரை அடுத்தவர்களைத் திட்டினேன். இனி நம்மளை.

தப்பு யார் அடிக்கிறார்கள்? நம் தோட்டங்களில் அதை எல்லோரும் அடிப்பதில்லை. எந்தச் சாதிக்காரர் அடிக்க வேண்டும் என்று நாம்தான் வகுத்து வைத்திருக்கிறோம். ஒரு காலத்தில் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பியதும் தப்புத்தான். சாவுக்கும் சாமிக்கும் அதுதான். அடிக்கிற பெரியவரை, வயது வித்தியாசம் பார்க்காமல் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம். கூத்து முடிந்ததும் தேத்தண்ணி வாசலுக்கு வெளியே போகும். காம்பராவுக்குள் உட்கார வைக்கிற வீடு எத்தனை? அந்த வீட்டுப் பிள்ளை, “எங்க அப்பா பட்டது போதும்” என்று தப்பை அட்டாலியில் போட்டுவிட்டுப் போனால் அவனைக் குறை சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கிறது? கலை அழிகிறது என்று அழுகிற நாம், அந்தக் கலையைச் சுமந்தவனை அவமானப்படுத்தியதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டுப் பறை வீடியோவை ஸ்டேட்டஸ் போடுகிறோம். பறை படம் போட்ட டீசேட் போடுகிறோம். அங்கே அந்தப் பறையைச் சாதி இழிவிலிருந்து மீட்க எத்தனையோ பேர் வருசக்கணக்காகப் போராடியிருக்கிறார்கள். அந்தப் போராட்டத்தை விட்டுவிட்டு அடியை மட்டும் டவுன்லோட் செய்கிறோம். ரெண்டு லயம் தள்ளி இருக்கிற தப்புக்காரரிடம் போய் “எனக்குச் சொல்லிக் கொடுங்க” என்று கேட்க மட்டும் கூச்சம்.

நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்கிற இன்னொரு கதையும் உண்டு: “நமக்குன்னு என்ன இருக்கு? எல்லாம் இந்தியாவுல இருந்து கொண்டு வந்ததுதானே?” காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் கடல் தாண்டி வந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் ரோதைமுனி எங்கிருந்து வந்தார்? தேயிலை ஸ்டோரில் சுத்துகிற ரோதைக்குக் காவலாக நம் ஆட்கள் வைத்த சாமி அது. கவ்வாத்துச்சாமியைத் தஞ்சாவூரில் தேடினால் கிடைக்குமா? கவ்வாத்துக் கத்தி கையைக் கிழித்த இடத்தில், இந்த மண்ணில் பிறந்த சாமி அது. மெசினும் கத்தியும் எங்களைத் தின்றபோது அவற்றையே சாமியாக்கிப் பேசிப் பார்த்திருக்கிறார்கள் நம் ஆட்கள். அது சொந்த யோசனை. மலையில் பிறந்த பாட்டுகளும் அப்படித்தான். தலவாக்கலைத் தொகுதியில் 1947இல் பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, லயத்துப் பாட்டுகளைத் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று புத்தகமாக்கினார். கங்காணியும் கோப்பியும் கண்டிச்சீமையும் இல்லாத எந்த ஊரில் அந்தப் பாட்டுகள் பிறந்திருக்க முடியும்?

இப்போது ரோதைமுனிக்கு என்ன நடக்கிறது? கல்லை ஓரமாக ஒதுக்கிவிட்டு, டைல்ஸ் பதித்த கோயில், கோபுரம், கும்பாபிசேகம். தேர்தல் வருசத்தில் கோபுரத்துக்குக் காசு கிடைக்கும், கூத்துக்குக் கிடைக்காது. கோபுரத்தில் உபயகாரர் பேரை வெட்டலாம், ரதியின் அழுகையில் வெட்ட முடியாதே.

டயகம ரோட்டில் கடைசி ஊர் எங்களுடையது. கடைசித் தேயிலை நிரைக்கு அந்தப் பக்கம் ஹோட்டன் சமவெளிக் காடு. 2010இல் அந்தச் சமவெளியும் சிவனொளிபாத மலைக் காடும் நக்கிள்ஸ் மலையும் சேர்ந்து ‘மத்திய மலைநாடு’ என்ற பேரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமை ஆயின. நல்லது, காடு நிற்கட்டும். 2018இல் நூல்பொம்மலாட்டமான ‘ரூகட நாட்டிய’வும், 2021இல் தும்பறைப் பாய் நெசவும் உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலுக்குப் போயின. அதுவும் நல்லது, அந்தக் கலைஞர்களும் ஏழைகள்தான். ஆனால் நிரைக்கு இந்தப் பக்கம் 200 வருசமாக மனுசர் செய்து வைத்தது எதுவும் நாட்டின் மரபு என்று யார் கண்ணிலும் படவில்லை. எங்கள் ஊர் செய்தியில் வருவது மண்சரிவுக்கும் குளவிக்கொட்டுக்கும், வீட்டு வேலைக்குப் போன பிள்ளை பொட்டியில் திரும்பி வரும்போதும்தான். சுற்றுலா விளம்பரத்தில் வருகிற எங்கள் பெண்களோ சிரித்துக்கொண்டே கொழுந்து எடுக்கிறார்கள்.

அப்படியானால் யுனெஸ்கோவுக்கு மனு போடலாமா? அவசரப்படாதீங்க. நம்மைப் போலவே மலையில் வாழ்கிற இன்னொரு ஜனத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம். பிலிப்பைன்ஸில் லூசோன் தீவின் கோர்டில்லேரா மலைகளில் இஃபுகாவோ மக்கள் இருக்கிறார்கள். மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி நெல் விளைவிக்கிறவர்கள். அறுவடையிலும் களை எடுக்கும்போதும் சாவு வீட்டிலும் அவர்கள் பாடுகிற நீண்ட கதைப்பாடலுக்கு ‘ஹுட்ஹுட்’ என்று பேர். முன்நின்று பாடுவது பெரும்பாலும் வயதான பெண்கள். எங்கள் மலையில் நிரை பிடித்துப் பாடிய பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1995இல் அந்த நெல் படிகள் உலக மரபுரிமை, 2001இல் ஹுட்ஹுட்டுக்கும் யுனெஸ்கோ அங்கீகாரம். ஆனால் அதே 2001இல் நெல் படிகள் ஆபத்தில் உள்ள மரபுரிமைப் பட்டியலுக்குப் போயின. 2012இல்தான் வெளியே வந்தன. இளசுகள் பட்டணத்துக்குப் போனால், வயலில் ஆள் குறைந்தால், பட்டியல் மட்டும் பாட்டைப் பாடாது.

அவர்களுக்கு மேடையின் கொடுமையும் தெரியும். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் மக்களைக் கொண்டுபோனார்கள். கோர்டில்லேரா மலைகளின் இகொரோட் மக்களை வேலிக்குள் ‘கிராமம்’ போட்டு உட்கார வைத்து, அவர்களுடைய சடங்குகளை டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு வேடிக்கை காட்டினார்கள். காலம் பார்த்து, காரணத்தோடு செய்கிற சடங்கு தினசரி ஷோ ஆனது. ஏழு நிமிசக் காமன் அந்த அளவுக்குக் கொடூரம் இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் ஒரே புத்திதான்: உன் வாழ்க்கை எனக்குத் தேவையில்லை, ஆட்டத்தை மட்டும் என் நேரத்துக்கு ஆடிக் காட்டு.

ஆனால் அந்த நாட்டிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு விசயம் இருக்கிறது. 1992இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். மரபுக் கலையில் தேர்ந்த பெரியவர்களை ‘தேசிய வாழும் பொக்கிசம்’ என்று அறிவித்து மாதாமாதம் உதவித்தொகை கொடுப்பார்கள். பதிலுக்கு அவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பொன்னாடையும் சேட்டிபிக்கட்டும் கொடுத்து அனுப்பிவிடாமல், பெரியவருக்குச் சோறும் பிள்ளைக்குப் பாடமும் ஒன்றாகக் கிடைக்க வழி செய்திருக்கிறார்கள். நம் கூத்து வாத்தியார்களுக்கு என்ன செய்திருக்கிறோம்? அவர்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் நினைவுச்சின்னம் குவிந்திருக்கிறது, அடுப்பு எரியவில்லை.

“சோத்துக்கே வழியில்ல, இவருக்குக் கூத்து ஒரு கேடா?” என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டங்களில் என் நண்பர்களே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இது: நான் கூத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன், வந்து நின்ற இடத்தைப் பாருங்கள். நிலம், சம்பளம், லீவு, சாதி. கூத்துக்கு வேண்டியதும் சோத்துக்கு வேண்டியதும் ஒன்றுதான். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஜனங்கள் நடந்தார்களே, அந்த நடை கேட்டதும் இதைத்தான். எங்களைத் தொழிலாளர் கூட்டமாகக் கணக்கெடுக்காதே, ஒரு ஜனமாகப் பார் என்று கேட்டார்கள். ஜனம் என்றால் அதற்கு ஒரு பொட்டல் இருக்கும், ஒரு பண்டிகை இருக்கும், ஊர் கூடி அழ ஒரு ராத்திரி இருக்கும்.

அதனால் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். 2018இல் சட்டம் மாறிவிட்டது. இனி அக்கரப்பத்தனை பிரதேச சபையாகட்டும், வேறு எந்தச் சபையாகட்டும், “தோட்டத்துக்குள் எங்களால் முடியாது” என்று தப்பிக்க முடியாது. ஒவ்வொரு டிவிசனிலும் காமன் பொட்டலை அளந்து, பொது நிலமாகப் பதிய வேண்டும். காமன் எரிகிற ராத்திரிக்கு மறுநாள் சம்பளத்தோடு லீவு வேண்டும், சங்கங்கள் சம்பளப் பேச்சில் இதையும் வைக்கட்டும். வாத்தியார்களுக்கும் தப்புக்காரர்களுக்கும் மாத உதவித்தொகை வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் பதிவு செய்ததின் ஒரு பிரதியை அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கொப்பியை வாங்கிக்கொண்டு போய்ப் பட்டம் வாங்கியவர்கள் கொப்பியையாவது திருப்பிக் கொடுங்கள், சார்.

நாம் செய்ய வேண்டியதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தப்பு கற்றுக்கொள்வோம், சாதி பார்க்காமல், கற்றுக்கொடுக்கிறவரை ஐயா என்று கூப்பிட்டு. நம் அக்கா தங்கச்சிமார் ரதி கட்டட்டும். “மரபு மாறக்கூடாது” என்று பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஸ்டோர் ரோதையிலிருந்து சாமியைச் செய்த ஜனத்தின் மரபு மாறாத மரபாக எப்படி இருக்கும்? காலமெல்லாம் ரதிக்காக அழுதவர்கள் பெண்கள்தான், அவள் வேசத்தை அவர்கள் கட்டக்கூடாது என்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

லாவணியில் ரெண்டு கட்சி உண்டு. காமன் எரிந்தான் என்று பாடுகிற எரிந்த கட்சி, எரியவே இல்லை என்று பாடுகிற எரியாத கட்சி. விடிய விடிய எதிர்ப்பாட்டு நடக்கும். அன்றைக்கு மண்டபத்தில் எரியாத கட்சி ஏழு நிமிசத்தில் ஜெயித்துவிட்டது, எதிர்ப்பாட்டே இல்லாமல். மாமா வேசத்தைக் கலைக்காமலே வேனில் ஏறினார். தலவாக்கலை வரை யாரும் பேசவில்லை.

வருகிற மாசி மூன்றாம் பிறைக்கு மாமா மறுபடி விரதம் இருக்கிறார். இந்த முறை பொட்டலில், நெருப்போடு. டயகம பஸ் கடைசித் தரிப்பு வரை வரும். அங்கிருந்து தப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடங்கள். வீடியோ எடுத்துவிட்டு அரை மணியில் கிளம்பவேண்டாம், விடியும் வரை நில்லுங்கள். கம்பளி கொண்டு வாங்க, குளிரும்.